கண்ணாடிக்குள் நெய்தல்

மக்கள் பிற உயிர்களைப் பேணி வளர்ப்பதற்குக் காரணம் பல. பயன் கருதி ஆவும் கோழியும் வளர்ப்பார் உளர். காவல் கருதி நாய் வளர்ப்பார் உளர். இனிமை கருதிக் கிளியும் புறாவும் வளர்ப்பார் உளர். இவை யாவும் நாம் உயிர்க்கும் காற்றையே உயிர்த்து, நாம் மிதிக்கும் மண்ணையே மிதித்து வாழ்வன. ஆதலின் இவற்றிற்கு இடமளிப்போர் பெரும்பாலும் ஒரு கதவைத் திறந்துவிடுவதோடு அமைவர். கடல் மீனை வீட்டில் வளர்க்கப் புகுந்தவனுக்கோ அவ்வெளிமை இல்லை. அவன் முதற்கண் கடலையே ஆக்கிக்கொள்ளல் வேண்டும். அங்ஙனம் கடலாக்கிய ஒருவர் இல்லத்தில் யாம் கண்டவற்றையும், அவற்றால் எம்முள்ளத்து எழுந்த வினா ஒன்றையும் இம்மலரின் வாயிலாக நண்பர்கட்கு உரைக்க விரும்புகின்றோம்.

திண்டுக்கல்லின் நில அமைப்பை அறியாதார் சிலரே. மேற்கே கொடைக்கானல் மலைத்தொடர், கிழக்கே சிறுமலை, நடுவே திண்டு போலக் கிடக்கும் பாறையும் அதன் முடிமேற் கோட்டையும், சுற்றிலும் மழையை எதிர்நோக்கி நிற்கும் புன்செய்ச் சமவெளி. தமிழ் பயில்வார்க்கு எவ்வூரைக் காணினும் அதற்குத் திணை வகுத்துப் பார்க்கும் வழக்கம் ஒன்று எளிதில் ஒட்டிக்கொள்கின்றது. மலைமேற் குறிஞ்சி காணலாம். மலையடிக் காட்டில் முல்லை காணலாம். ஆத்தூர்ப் பக்கத்து வயல்களில் மருதம் காணலாம். மழை பொய்த்த ஆண்டின் சித்திரை வெயிலிற் பாலைக்கும் குறைவில்லை. நெய்தல் ஒன்றே எம்மூர்க்கு வாய்த்திலது. எத்திசை நோக்கிச் செல்லினும் நூறு கிலோமீட்டர் கடவாமற் கடலைக் காண இயலாது. அத்தகைய ஊரில், நாகல் நகர்ப் பக்கத்துத் தெரு ஒன்றில், எம் சிறிய தந்தையார் இல்லத்து முன்னறையில், நான்கடி நீளமுள்ள நெய்தல் ஒன்று இருக்கின்றது.

சிறிய தந்தையார் தூத்துக்குடித் துறைமுகத்திற் பல்லாண்டு கணக்கராய் இருந்து ஓய்வு பெற்றவர். பிறந்த ஊர்க்கு மீண்ட பின்னர், மாலையிற் கடற்காற்று வாராமை அவர்க்குப் பெருங்குறையாயிற்று. “அங்கே இருந்தபோது ஊர் ஊர் என்றீர்கள், ஊருக்கு வந்த பிறகு கடல் கடல் என்கிறீர்கள்” என்று சிற்றன்னையார் நகையாடுவார். அக்குறையை ஆற்றிக்கொள்ளவே, இற்றைக்கு மூன்றாண்டுகட்கு முன், நான்கடி நீளமும் ஒன்றரையடி அகலமும் ஒன்றரையடி உயரமும் உடைய கண்ணாடித் தொட்டி ஒன்றை அவர் அமைத்தார்.

சென்னை மெரினாவில் 1909 ஆம் ஆண்டு மீன் காட்சிச்சாலை ஒன்று திறக்கப்பெற்றது. அதற்குக் கடல் வாயிலிலேயே கிடந்தது. எம்மூரிலோ கடல் நீரைத் துளி துளியாக ஆக்கவேண்டியிருந்தது. “நம் கிணற்று நீரே போதிய உப்புடையதாயிற்றே, இன்னும் என்ன உப்பு?” என்று அண்டை வீட்டார் ஏளனம் செய்தனர். கிணற்றின் உவர்ப்பு வேறு. கடலின் உவர்ப்பு வேறு. கடல் நீர் ஒரு லிட்டரில் ஏறத்தாழ 35 கிராம் உப்புக்கள் கரைந்துள்ளன. அவற்றுட் பெரும்பகுதி நாம் உணவிற் பெய்யும் உப்பேயாயினும், மக்னீசியம், கால்சியம், பொட்டாசியம் முதலியவற்றின் உப்புக்களும் தத்தம் அளவிற் கலந்துள்ளன. ஆதலின் சிறிய தந்தையார் கிணற்று நீரை நுண்வடிகட்டியிற் செலுத்தி வெறு நீராக்கி, பின்னர் அதனுட் கடலுப்புக் கலவையை எட்டுக் கிலோ அளவிற்கு நிறுத்திட்டுக் கரைத்தார். உப்பு நீரினின்று உப்பை நீக்கி, நீக்கிய நீரில் மீண்டும் உப்பிடுதலைக் கண்ட சிற்றன்னையார், இதனினும் வீண் வேலை உலகத்தில் உண்டோ என்றார்.

வேலை அதனோடு முடியவில்லை. கோடையில் நீர் ஆவியாகும், உப்பு ஆவியாகாது. ஆதலின் நாள்தோறும் குறைந்த அளவிற்கு நன்னீர் வார்த்து உவர்ப்பை ஒரு நிலையில் நிறுத்தல் வேண்டும். மின்சாரம் நின்றால் நீரோட்டம் நிற்கும். நீரோட்டம் நின்றால் நீரில் மூச்சுக்காற்று குன்றும். வெயில் முறுகிய நாள்களில் தொட்டியின் மீது விசிறி சுழலும், வீட்டார் வியர்த்திருப்பர். நாற்கவிராச நம்பியார் தம் அகப்பொருள் நூலிற் கருப்பொருளை 14 ஆக வகுத்து, அவற்றுள் நீரையும் ஒன்றாக எண்ணினார். நூலில் ஒரு சொல்லாய் நிற்கும் அந்நீரை ஆக்குதற்கு ஒரு குடும்பத்தின் உழைப்பு வேண்டியிருத்தலை யாம் அவ்வில்லத்திற் கண்டோம்.

நிற்க. கடல் நீர் ஆக்கிய அளவில் அது மீன் வாழும் இடம் ஆகிவிடாது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா என்னும் நஞ்சு உண்டாகின்றது. பெருங்கடலில் அது கலந்து மறையும். தொட்டியில் நாளுக்கு நாள் சேரும். அதனை நைட்ரைட்டாகவும், பின்னர்த் தீங்கு குறைந்த நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் மணலிலும் கல்லிலும் குடியேறிப் பெருகுதற்கு நான்கு முதல் ஆறு வாரம் செல்லும். வன்மையுடைய சிறுமீன் ஒன்றை அப்பக்குவமாகாத நீரில் முதலில் விட்டு, அதன் கழிவைக் கொண்டே அந்நுண்ணுயிர்களை வளர்ப்பது பழைய வழக்கம். மீனின்றியே அம்மோனியாவை அளந்து வார்த்து அவற்றை வளர்க்கும் முறை இக்காலத்துப் பரவியிருப்பினும், பழைய வழக்கம் முற்றும் ஒழிந்திலது. மீன் விற்பார் ஒருவர் அப்பழைய முறையையே கூறி, கரிய குஞ்சு ஒன்றை நீர்ப்பையிலிட்டுக் கொடுத்தனுப்பினார். நெற்றியில் ஒன்றும் இருபுறமும் ஒவ்வொன்றுமாக மூன்று வெண்புள்ளிகளை உடையது அது. கடைக்காரர் அதனை டொமினோ என்பர். பன்னிரண்டு வயதினளாகிய எம் தங்கை அதற்கு முப்புள்ளி என்று பெயரிட்டாள்.

கட்டைவிரல் நகத்தினும் சிறிது பெரிதாயிருந்த முப்புள்ளி, ஆறு வாரம் அந்நீரில் தனித்து வாழ்ந்தது. சில நாள் நீர்மேல் வந்து வாயைத் திறந்து திறந்து மூடும். சில நாள் கல்லிடுக்கில் அசையாது கிடக்கும். ஏழாம் வாரம் அளந்து பார்த்தபோது நஞ்சு நீங்கியிருந்தது, முப்புள்ளி உயிரோடிருந்தது. இச்செய்தியை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுதல் வேண்டும்.

அடுத்து வந்தது கடற்சாமந்தி. பெயரைக் கேட்டார் இதனைப் பூவென்று கருதுவர். கண்டாரும் அங்ஙனமே கருதுவர். எனினும் இது விலங்கு. பவளத்தை ஆக்கும் உயிர்க்கும் கடற்சொறிக்கும் உறவினது. அடியால் நிலத்தைப் பற்றி, நடுவே ஒரு வாயும், வாயைச் சூழ எண்ணற்ற விரல்களும் கொண்டு விரிந்திருப்பது. அவ்விரல்களிற் கண்ணுக்குப் புலனாகாத கொட்டணுக்கள் நிறைந்துள்ளன. யாதேனும் ஒன்று தொட்டவுடன் அவை நஞ்சூசியைப் பாய்ச்சும். அகப்பட்ட சிறுமீன் மரத்துப்போய் வாயினுள் இழுக்கப்படும். இவ்வேட்டையேயன்றி இதற்கு வேறொரு வாழ்வும் உண்டு. இதன் உடலுள் நுண்பாசிகள் குடியிருந்து, ஒளியைக் கொண்டு உணவாக்கி, வீட்டிற்கு வாடகை தருவார் போல அதன் ஒரு பகுதியைச் சாமந்திக்கு அளிக்கின்றன. ஆதலின் விலங்காயிருந்தும் பயிர்போல் ஒளியை வேண்டுவது இது. உயிர்களை அறிவு வகையால் ஆறாகப் பகுத்த தொல்காப்பியர் இதனைப் புல்லோடு வைப்பாரோ, நத்தையோடு வைப்பாரோ என்று எம் வகுப்பில் ஒருநாள் வாதம் எழுந்தது. முடிவு காணுமுன் மணி அடித்துவிட்டது. சிறிய தந்தையார் வாங்கியது, மணலிற் காலூன்றிக் கம்பளம் போல் விரியும் சாதி. அப்போது ஒரு சிறு தட்டின் அளவினதாயிருந்தது.

இக்கொலைக்களத்தையே வீடாகக் கொண்டு வாழ்வது கோமாளி மீன். உலகத்து வெப்பக் கடல்களில் ஏறத்தாழ 30 வகைக் கோமாளி மீன்கள் உள்ளன. அவற்றிற்கு இடந்தரும் சாமந்திகள் ஏறத்தாழ 10 வகை. இவ்விரண்டின் உறவைக் கீழைக் கடல்களிற் கண்டு 1868 ஆம் ஆண்டில் எழுதியவர் காலிங்வுட் என்னும் ஆங்கிலேயர். சாமந்தி இம்மீனைக் கொட்டாமைக்குக் காரணம், அதன் மேனியைப் போர்த்துள்ள வழும்பு என்பர். கொட்டணுக்களைத் தூண்டும் பொருள் அவ்வழும்பிற் குறைவு. எனினும் புதிய சாமந்தி ஒன்றைக் கண்டவுடன் இம்மீன் பாய்ந்து புகுவதில்லை. வால் நுனியால் தொடும், விலகும். வயிற்றால் உரசும், விலகும். இங்ஙனம் பலகாற் பழகிய பின்னரே விரல்களுக்கிடையே படுக்கும்.

மீனுக்குச் சாமந்தி அரண். சாமந்திக்கு மீன் செய்யும் கைம்மாறும் சிறிதன்று. சாமந்தியைக் கடித்துத் தின்ன வரும் வண்ணத்துப்பூச்சி மீன்களை அது துரத்தும். தன் கழிவால் நுண்பாசிகட்கு உரமிடும். இரவில் விரல்களுக்கிடையே துடுப்பசைத்துக் கிடந்து, நீரை ஓடச்செய்து மூச்சுக்காற்று ஊட்டும்.

ஒரு சாமந்தியில் வாழும் கோமாளி மீன் குடும்பத்தின் ஆட்சி முறை வியப்பைத் தருவது. அவை அனைத்தும் ஆணாகவே வளரத் தொடங்குகின்றன. அவற்றுட் பெரியது பெண்ணாகித் தலைமை பூணும். அடுத்தது அதற்குத் துணைவனாகும். ஏனையவை படிப்படியாய்ச் சிறுத்து வரிசையில் நிற்கும். தலைவி இறந்தாற் துணைவனே பெண்ணாக மாறும். அடுத்து நிற்பது துணைவனாக உயரும். 2003 ஆம் ஆண்டு வெளிவந்த நீமோ படத்தைப் பார்த்து மகிழ்ந்தவர் பலர். உண்மைக் கடலாயின் அப்படத்துத் தந்தை மீன் தாய் மீனாக மாறியிருக்கும் என்று யாம் கூறியபோது தங்கை நம்ப மறுத்தாள். அதே 2003 இல் பஸ்டன் என்னும் ஆராய்ச்சியாளர் வெளியிட்ட செய்தி அதனினும் சிந்திக்கத் தக்கது. வரிசையில் இளையது, தன் மேலதனினும் என்றும் ஓரளவு சிறியதாகவே இருக்குமாறு தன் வளர்ச்சியைத் தானே அடக்கிக்கொள்கின்றது என்பது அது. மிஞ்சி வளர்ந்தால் மேலது அதனைத் துரத்திவிடும்; சாமந்திக்கு வெளியே வேட்டை மீன்களின் வாய் காத்திருக்கின்றது. அழகிய அவ்வீட்டின் அமைதி, அளவறிந்து ஒடுங்குதலின் மேற் கட்டப்பட்டது.

இனித் தொட்டிக்கு மீள்வோம். சிறிய தந்தையார் வாங்கிய கோமாளிக் குஞ்சுகள் இரண்டு. கருமேனியில் இரண்டு வெண்பட்டையும் மஞ்சள் வாலும் உடைய சீபே என்னும் சாதி. மன்னார் வளைகுடாவிற்கும் உரியது. அவை குஞ்சு பொரிக்கும் பண்ணையிற் பிறந்தவை. சாமந்தியை ஒருகாலும் கண்டறியாதவை. அவை வந்தபொழுது முப்புள்ளி எட்டு மாத வளர்ச்சி பெற்றிருந்தது. அதன் சாதியும் இளமையிற் சாமந்தியின் விரல்களிடையே ஒதுங்கி வாழ்வதே. விலங்கியலார் இருவகை மீனையும் ஒரே குடும்பத்தில் வைப்பர். கடலில் இவை ஒரே சாமந்தியிற் கூடி வாழ்தலும் உண்டு. அங்கே பெரும்பாலும் மேற்கை கோமாளி மீனுடையது. ஈண்டோ முப்புள்ளி பெரியது, மூத்தது, முதற்குடி. ஒரு வீட்டிற்கு இருவர் உரிமை கோரியது போலாயிற்று.

கோமாளிக் குஞ்சுகள் சாமந்தியை அணுகுந்தோறும் முப்புள்ளி அம்பெனப் பாய்ந்து அவற்றைத் துரத்தியது. கண்ணாடியின் அருகிற் செவி வைத்தாற் ‘டக் டக்’ என்னும் ஒலி கேட்டது. இரண்டும் நீர்மட்டத்தின் ஒரு மூலையில், குழாயின் பின்னே, ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு நின்றன. சாமந்தி வெறுமையாய் விரிந்து கிடந்தது. சிறிய தந்தையார் வாளாவிருந்திலர். ஒருநாள் இரவு விளக்கணைத்து, கற்கள் அனைத்தையும் எடுத்து இடம் மாற்றி அடுக்கினார். பழைய எல்லைகள் அழிந்தாற் பழைய உரிமையும் மறக்கப்படும் என்பது மீன் வளர்ப்பார் கண்ட உபாயம். முப்புள்ளியைத் துளையிட்ட பெட்டியுட் பத்து நாள் தொட்டியிலேயே அடைத்து வைத்தார். அப்பத்து நாளிற் கோமாளிக் குஞ்சுகள் சாமந்தியை அடைந்தன. அதன் விரல்களிற் புரண்டன. தங்கை தன் தோழியரை அழைத்து வந்து காட்டினாள். பின்னர் முப்புள்ளி விடப்பட்டது. மூன்று நாள் அமைதி நிலவியது. நான்காம் நாட் காலையில், சிறிய கோமாளிக் குஞ்சு குழாயின் பின்னே வால் கிழிந்து இறந்து கிடந்தது.

அன்று யாம் அவ்வில்லத்தில் இருந்தோம். தங்கை காலையுணவு உண்ணவில்லை. அவளே அக்குஞ்சை முருங்கை மரத்தடியிற் புதைத்தாள். பின்னர் முன்னறையிற் பெரியதொரு வழக்கு எழுந்தது.

“கொலைகாரனை வைத்துக்கொண்டு தினமும் தீனி போடுவதா?” என்றார் சிற்றன்னையார். “கோடகனாற்றில் விட்டுவிடுங்கள், பிழைத்துப் போகட்டும்” என்றார் அண்டை வீட்டார். அது பிழைக்கும் வழியன்று. கடல் மீனின் உடல் இடையறாது நீரை இழப்பது. அதனை ஈடுசெய்யக் கடல் நீரைப் பருகி, மிகுந்த உப்பைக் கழித்து வாழ்வது. நன்னீரில் விட்டால் நீர் தானே உடலுட் புகுந்து நிறைய, அது சிறிது பொழுதில் மாயும். அருள் போலத் தோன்றும் கொலை அது. இராமேசுவரம் வண்டியிற் கொண்டுபோய்க் கடலில் விடலாமே என்றார் மற்றொருவர். தொட்டியில் வளர்ந்த மீன் தொட்டி நோய்களையும் உடன் கொண்டு செல்லுதல் கூடும். எக்கடலினின்று பிடிக்கப்பட்டது என்றும் அறியோம். ஒரு மீனின் பொருட்டு ஒரு கடலைத் துன்புறுத்தலாகாது. தங்கை இறுதியாக, “அப்பா, அது இங்கே இருந்தால் நான் இந்த அறைக்கு வரமாட்டேன்” என்றாள்.

சிறிய தந்தையார் நெடுநேரம் பேசாதிருந்து, பின்னர்க் கூறினார்: “அம்மா, அதைப் பொல்லாதது என்கிறாய். கடலில் அது துரத்தியிருந்தால் இந்தக் குஞ்சு பத்தடி ஓடியிருக்கும். துரத்தியதும் திரும்பிப் போயிருக்கும். துரத்துவது அதன் இயல்பு. ஓட இடமில்லாமற் செய்தவன் நான். நான்கு பக்கமும் கண்ணாடி வைத்தவன் நான். இன்னொன்றும் சொல்கிறேன். அந்த ஆறு வாரம் நஞ்சைக் குடித்தது யார்? அது குடித்த பிறகுதான் இந்த நீர் மற்றவைக்கு நீராயிற்று. இப்போது வேலை முடிந்தது, வெளியே போ என்பது எந்த நியாயம்?”

“அப்படியானால் செத்துப்போனதற்கு என்ன நியாயம்?” என்று தங்கை கேட்டாள்.

“அதற்கும் நான்தான் பொறுப்பு” என்றார் அவர். “நம் ஊரிற் பூட்டுச் செய்கிறவர்கள் சாவி இல்லாமற் பூட்டைக் கடைக்கு அனுப்புவதில்லை. சுவர் வைத்தவன் வழியும் வைக்க வேண்டும்.”

வழி என்றது மற்றொரு தொட்டியை. அதற்கு இடமும் இல்லை. பொருளும் எளிதிற் கிடைப்பதன்று. சிற்றன்னையார் இரண்டு நாள் பேசவில்லை. மூன்றாம் நாள், பல்லாண்டாகச் சன்னலோரத்தில் இருந்த தம் தையற்பொறியைத் தாமே அடுக்களைப் பக்கத்திற்கு நகர்த்தி, “இங்கே வையுங்கள்” என்று கூறிப் போயினார். இரண்டரையடித் தொட்டி அங்கே அமைந்தது. இம்முறை பழைய தொட்டியின் கற்களையும் மணலையும் கொண்டே நுண்ணுயிர்களைக் குடியேற்றி, அளந்து பார்த்த பின்னரே மீனை விட்டனர். ஆதலின் எவ்வுயிரும் நஞ்சு குடிக்க வேண்டியிருந்திலது. முப்புள்ளி அங்கே தனிக்குடித்தனம் புகுந்தது. தங்கை சில வாரம் அப்பக்கம் திரும்பவில்லை. பின்னர் அதற்குத் தீனியிடுபவளும் அவளே ஆயினாள்.

சில மாதங்கள் சென்றன. எஞ்சிய கோமாளி மீன் சாமந்திக்கு உரிமையுடையதாய் நன்கு வளர்ந்தது. அதற்குத் துணையாக, அதனினும் மிகச் சிறிய குஞ்சு ஒன்றைப் பண்ணையிலிருந்தே வாங்கி விட்டனர். அப்பொழுது கண்டதே எம் நெஞ்சில் ஆழப் பதிந்தது. மூலையில் ஒடுங்கி நடுங்கிக் கிடந்த அதே மீன், புதிய குஞ்சு சாமந்தியை நெருங்குந்தோறும் பாய்ந்து துரத்தியது. “அப்பா, இதுவும் முப்புள்ளியைப் போலவே செய்கிறதே!” என்று தங்கை கூவினாள். சிறிய தந்தையார் முறுவலித்தாரேயன்றி விடை கூறவில்லை. புதிய குஞ்சு எதிர்த்து நிற்கவில்லை. ஒருபக்கமாய்ச் சாய்ந்து உடலைக் குலுக்கிக் காட்டியது. பணிந்தேன் என்பதற்குக் கோமாளி மீன்களின் மொழி அதுவே. மூன்றாம் நாள் அதற்கும் சாமந்தியில் ஓரிடம் கிடைத்தது.

இவ்வாண்டுத் தை மாதத்தில் அவ்விரண்டும் சாமந்தியை அடுத்த கல்லில் முட்டையிட்டன. ஆண் மீன் ஏறத்தாழ ஒரு வாரம் துடுப்பால் விசிறியும் வாயாற் துடைத்தும் முட்டைகளைக் காத்தது. ஓரிரவு விளக்கணைந்த பின் அவை பொரித்தன. விடியலில் ஒரு குஞ்சினையும் காணோம். கண்ணுக்கு அரிதிற் புலனாகும் அக்குஞ்சுகட்கு அவற்றினும் நுண்ணிய உயிருணவும் தனித் தொட்டியும் வேண்டும். 1947 இல் நிறுவப்பெற்று, மண்டபத்தைத் தலைமையிடமாகக் கொண்டிருந்து, 1971 இற் கொச்சிக்கு மாறிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தார், மண்டபத்தில் இன்றும் உள்ள தம் மையத்திற் சீபே மீனைத் தொட்டியிலேயே முட்டையிடச் செய்து குஞ்சு வளர்க்கும் முறையைக் கண்டுள்ளனர். பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தாரும் கோமாளி மீன் வளர்ப்பில் உழைத்துள்ளனர். இவ்வுழைப்பின் பயன் வீட்டு அழகிற்கு மட்டும் உரியதன்று. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்திற்கும் இடைப்பட்ட தீவுக் கடல் 1986 ஆம் ஆண்டு தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்றது. நீர் வெம்மையுற்று அங்குள்ள பவளம் வெளிறிய ஆண்டுகளும் உள. ஏற்கனவே துன்புறும் அக்கடலினின்று மீனைப் பிடியாமல், பண்ணையிற் பிறந்ததையே வாங்குதல் நெய்தலுக்கு நாம் செய்யும் சிறு கடன்.

வளர்ப்பவனது கடன் எத்துணை நெடியது என்பதற்கு ஒரு சான்று உண்டு. ஸ்காட்லாந்து நாட்டு டால்யெல் என்னும் இயற்கைநூற் புலவர், 1828 ஆம் ஆண்டிற் கடற்சாமந்தி ஒன்றைக் கரையினின்று எடுத்து வந்து கண்ணாடிச் சாடியில் வைத்துப் பேணினார். அவர் 1851 இல் இறந்தார், சாமந்தி இறக்கவில்லை. ஒருவர் கையினின்று மற்றொருவர் கைக்கு மாறி, கடல் நீர் மாற்றப்பெற்று, எடின்பரோவில் யாவரும் பாட்டி என்று அழைக்குமாறு வாழ்ந்து, 1887 இல் மாய்ந்தது. எடுத்து வந்தவர் ஒருவர், காத்தவர் பலர். கோமாளி மீனும் தொட்டியில் இருபதாண்டு வாழ வல்லது. பையிலிட்ட மீனை விலைக்கு வாங்கி வருவோர், அத்துணை ஆண்டுப் பொறுப்பையும் உடன் வாங்கி வருகின்றோம் என்பதை எண்ணுவது அரிது.

முதலிற் கூறிய வினா இதுவே: தொட்டியில் ஒன்று மற்றொன்றைக் கொன்றால் குற்றம் யாருடையது? முப்புள்ளி செய்தது தீங்கன்று என்று யாம் கூறவில்லை. முருங்கையடியிற் கிடப்பது மீளப் போவதில்லை. கடலிலும் பெரியது சிறியதைத் துரத்துகின்றது. ஆயின் அங்கே துரத்தலுக்கு ஓர் எல்லை உண்டு, தோற்றதற்கு ஒரு திசை உண்டு. தொட்டியில் அவ்விரண்டும் இல்லை. துன்புற்ற மீனே இடமும் வலிமையும் பெற்றபோது துன்புறுத்தியதைக் கண்டபின், ஒரு மீனைக் கெட்டதென்றும் மற்றொன்றை நல்லதென்றும் பிரித்து அமைதல் எமக்கு இயலவில்லை. எம் சிறிய தந்தையார், தம் பொறுப்பென்று ஏற்றமையாலன்றோ இரண்டாந் தொட்டி உண்டாயிற்று! பழி முழுதையும் முப்புள்ளியின் மேல் ஏற்றியிருந்தால், அதனை எறிந்துவிட்டு, அடுத்த மீனை அதே நான்கடியில் விட்டிருப்பர்.

நாற்புறமும் சுவருள்ள இடம் தொட்டி மட்டும் அன்று. விடுதியில் ஓர் அறையில் நால்வர் வாழ்கின்றோம். அவருள் முன்னரே வந்து சன்னலோரத்தைப் பிடித்தவரும் உளர், பின்னர் வந்து கதவோரத்திற் பெட்டியை வைத்து நிற்பவரும் உளர். முதலாண்டிற் கதவோரத்தில் நின்றவரே மூன்றாமாண்டிற் சன்னலோரத்தைக் காக்கின்றனர். இனி ஒருவனைப் பொல்லாதவன் என்று சொல்ல நேருங்கால், அவனும் அவனால் வருந்தியவனும் எத்தனை அடி இடத்தில் அடைக்கப்பட்டுள்ளனர் என்பதையும், அவ்விடத்தை அளந்தவர் யாவர் என்பதையும் முதலிற் கேட்டறிதல் நலம் என்பதே எம் துணிபு.